கையைக் காட்டி, கணக்கை மறைத்து

கைவேலை செய்கிறவளுக்கு ரசிகர்கள் தேவையில்லை. வாடிக்கையாளர்கள்தான் தேவை. இரண்டும் ஒன்றுதான் என்று சில ஆண்டுகளாக நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சிப் பட்டறையில் சொல்கிறார்கள், மகளிர் தினக் கூட்டத்தில் சொல்கிறார்கள், கோயில் மண்டபத்தில் நடக்கும் சிறுதொழில் சந்திப்பிலும் சொல்கிறார்கள். கைத்தறிச் சேலையோ, பாத்திக் துணியோ, ஆரி ரவிக்கையோ, எதுவானாலும் கைப்பேசியை நிறுத்திவைத்து நேரலைக்கு வா, செய்வதைச் செய்துகாட்டு, பார்க்கிறவர்கள் ரசிகர்கள் ஆவார்கள், ரசிகர்கள் வாங்குவார்கள். உபதேசம் இவ்வளவுதான். நான் இதை ஏற்கவில்லை. இந்த நேரலைச் செய்முறைக் காட்சி கைவேலைக்கு விலை சேர்க்கவில்லை, இருந்த விலையையும் குறைத்துவிட்டது என்பதுதான் என் வாதம்.

நான் யோங் பெங்கில் ஆரி வேலை செய்கிறவள். ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜொகூரில், பத்து பகாட் மாவட்டத்தில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டிய சிறு பட்டணம். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடும் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிறுத்தும் ஊர் என்று சொன்னால் பலருக்கு ஞாபகம் வரும். பேருந்து நின்றதும் இறங்குவார்கள், கைகாலை நீட்டுவார்கள், எதையாவது கொறிப்பார்கள், கடையில் தொங்குவதைத் தடவிப் பார்ப்பார்கள், டிரைவர் ஹாரன் அடித்ததும் ஏறிப் போய்விடுவார்கள். நேரலைக்கு வரும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பயணிகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

சுற்றிலும் இருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களை விட்டு வெளியேறித் தாமான் வீடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே உண்டு. கல்யாணச் சேலை எடுக்க வேண்டுமென்றால் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி ஜொகூர் பாருவுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் கிள்ளான், மஸ்ஜித் இந்தியா. ரவிக்கை தைக்கிறவர்களுக்கு வாடிக்கை என்பது தெரிந்தவர்கள், தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஊரில் இருக்கிறவளுக்கு நேரலை என்ன தந்தது என்பதை மறைக்க மாட்டேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கல்யாணங்கள் நின்றன, கடைகள் மூடின. அந்த மாதங்களில் வீட்டுக்குள்ளிருந்தே முகநூலில் நேரலை போட்டு, இருந்த துணியை விற்று, வீட்டு வாடகை கட்டிய பெண்கள் எனக்குத் தெரியும். கணவனிடம் கைநீட்டாமல் பிள்ளைக்குப் பள்ளிக் காலணி வாங்கியவர்களைத் தெரியும். அதுவரை ஒரு கூட்டத்தில் எழுந்து பேசியறியாதவள் ஐம்பது பேர் முன்னால் சரளமாகப் பேசக் கற்றுக்கொண்டாள். அதெல்லாம் உண்மை. ஆனால் வெள்ளத்தில் படகு ஓட்டியதற்காகத் தண்ணீர் வடிந்த பிறகும் தெருவில் படகு ஓட்டச் சொல்வது என்ன நியாயம்? சேலை விற்பதற்கு வந்த நேரலையை, கையால் செய்வதைக் காட்டும் நேரலையாக மாற்றியபோதுதான் கோளாறு தொடங்கியது.

ஆரி வேலையை எடுத்துக்கொள்வோம். மரச்சட்டத்தில் துணியை முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டுவோம். நுனியில் கொக்கி உள்ள ஊசியை மேலிருந்து குத்துவோம். குஜராத்தின் கட்ச் பகுதியில் மோச்சிச் சமூகத்தார் தோலைத் தைத்த கொக்கி ஊசியிலிருந்து பிறந்த வேலை இது. கொக்கி கீழே போய் நூலைப் பிடித்து மேலே இழுத்து வரும். அடுத்த குத்து, அடுத்த கண்ணி, சங்கிலித் தையல். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நூலைக் கீழே நின்று ஊட்டுவது இன்னொரு கை. ஒவ்வொரு குத்துக்கும் நூலைக் கொக்கியில் மாட்டுவது அதுதான். தொட்டுத்தான் வேலை செய்யும், கண்ணால் பார்க்க முடியாது. இந்த வேலையில் கற்றுக்கொள்ளக் கடினமானதே அந்தக் கீழ்க்கைதான். கேமராவுக்குத் தெரிவது மேல்கை மட்டும். பார்க்கிறவர்கள், "வாவ், எவ்வளவு ஈஸியா வருது கா" என்று எழுதுகிறார்கள். ஈஸியாகத் தெரிவதற்கு யார் ஈஸியாக விலை கொடுப்பார்கள், அதற்கு மேல் என்ன கேட்டாலும் அதிகம் என்றுதானே தோன்றும்?

தறியிலும் இதே கதைதான். காஞ்சிபுரத்திலிருந்து சேலை விற்கும் நேரலைகளில் நெசவாளர் நாடா வீசுவதைக் காட்டுவார்கள். டக் டக் என்ற சத்தம், சரிகைக் கரை, முந்தியில் பூ. ஆனால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். மரபான முறையில் தறியில் இன்னொரு ஆள் உட்கார்ந்து மறுபக்கக் கரையின் நாடாவைக் கொடுக்க வேண்டும். பாவு ஓட்டியது யார், தார் சுற்றியது யார், விழுதில் இழை பிணைத்தது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், வயதானவர்கள். இந்தியாவின் 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு, நெசவாளர்களும் துணை வேலை செய்கிறவர்களும் சேர்ந்து 35 லட்சத்துக்கும் மேல் என்கிறது. அவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. நம் காசுக்கு முந்நூறு வெள்ளிகூட எட்டாது. இதில் எதுவும் டக் டக் சத்தத்தில் கேட்பதில்லை. செய்முறைக் காட்சி, வேலையின் மிக அழகான மூன்று நிமிடத்தை எடுத்து முழு வேலையும் அதுதான் என்று நம்பவைக்கிறது.

இது ஏதோ கைப்பேசி வந்த பிறகு பிறந்த உத்தி என்று நினைத்தால் அதுவும் தவறு. 1885 நவம்பரில் லண்டனின் லிபர்ட்டி கடைக்காரர்கள் இந்தியாவிலிருந்து 42 பேரைக் கப்பலில் கொண்டுவந்து, பேட்டர்சீ பூங்காவில் ஓர் 'இந்தியக் கிராமம்' அமைத்தார்கள். லிபர்ட்டி கீழை நாட்டுப் பட்டும் துணியும் விற்றுப் பெயர் வாங்கிய கடை. நெசவாளர்களும் மற்ற கைவினைஞர்களும் கூட்டத்தின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்து காட்டினால் கடைக்கு விளம்பரம், துணிக்கு விற்பனை. இன்று நமக்குச் சொல்லித்தரும் அதே திட்டம்தான். நடந்தது என்ன? லண்டன் குளிர்காலம், உடுத்தியிருந்த துணி போதவில்லை, கூட்டம் வேடிக்கை பார்த்த விதம் வேறு. கடைக்கு விளம்பரம் கிடைப்பதற்குப் பதிலாகக் கெட்ட பெயர் கிடைத்தது. வேலை செய்து காட்டியவர்களுக்கு எது கிடைத்தது என்று கேட்கவே வேண்டாம்.

அடுத்த ஆண்டு, 1886-இல், அதே லண்டனில் அரசே நடத்திய காலனி மற்றும் இந்தியப் பொருட்காட்சியில் முப்பதுக்கும் மேற்பட்ட இந்தியக் கைவினைஞர்கள் முற்றத்தில் உட்கார்ந்து வேலை செய்து காட்டினார்கள். பரம்பரைக் கலைஞர்கள் என்று கூட்டம் அவர்களைப் பார்த்து வியந்தது. அவர்களில் பலர் ஆக்ரா சிறையில் தொழில் கற்றவர்கள். பொருட்காட்சிக்கு வந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். மகாராணி ஓவியரை வைத்து அவர்களில் சிலரைப் படமாகவே வரைய வைத்தார். 50 லட்சம் பார்வையாளர்கள்! இன்றைக்கு எந்த நேரலைக்காரரும் பொறாமைப்படும் எண்ணிக்கை. அந்தக் கண்களெல்லாம் சேர்ந்து இந்திய நெசவாளனின் கூலியை ஒரு காசு உயர்த்தியதாக யாராவது காட்ட முடியுமா? பார்க்கப்படுவது வேறு, கூலி கிடைப்பது வேறு. இந்தப் பாடத்துக்கு 140 வயது ஆகிறது.

இப்போது என் கணக்குக்கு வருகிறேன். கணக்கு எழுதினால் இலக்கியத்தனம் குறைந்துவிடும் என்று பயப்படுகிற கட்டுரைகளைப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

மணப்பெண் ரவிக்கை ஒன்று. கழுத்து, முதுகு, இரண்டு கை, எல்லா இடத்திலும் வேலை. 45 மணி நேரம் ஆனது. பேசிய விலை 350 வெள்ளி. துணி, பட்டு நூல், மணி, குந்தன், ஜர்தோசி எல்லாம் 70 வெள்ளி. மிச்சம் 280. ஒரு மணி நேரத்துக்கு 6 வெள்ளி 22 காசு. 2025 பிப்ரவரியில் இந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது; மணிக்கணக்கில் அது 8 வெள்ளி 72 காசு. ஆக, கடையில் பொருள் அடுக்குகிறவருக்குச் சட்டம் தரும் கூலியை, பத்து வருடம் பழகிய கை எட்டவில்லை. இனி அந்த ரவிக்கைக்காக மூன்று இரவு, இரவுக்கு மூன்று மணி நேரம் நேரலையில் உட்கார்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணி நேரம் சேர்கிறது. அதே 280 வெள்ளியை 54-ஆல் வகுத்தால் 5 வெள்ளி 20 காசுகூட வராது. விளக்கு, இணையம், அலங்காரம் எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. குறைந்தபட்சக் கூலியாவது வேண்டுமென்றால் அந்த ரவிக்கைக்கு 462 வெள்ளி கேட்டிருக்க வேண்டும், அதுவும் நேரலை இல்லாமல்.

ஏன் கேட்க முடியவில்லை? பக்கத்து நேரலையில் 'ஆல் ஹேண்ட்வொர்க்' என்று 150-க்குக் கொடுக்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் இரண்டையும் ஒரே கைப்பேசியில், ஒரே விரலால் தள்ளிப் பார்க்கிறார்கள்.

எங்கள் பாட்டிமார் தோட்டத்தில் விடியுமுன் பிரட்டுக்குப் போய் நின்றார்கள். கொடுமையான வாழ்க்கைதான், அதைப் பொற்காலம் என்று சொல்கிறவள் நான் இல்லை. ஆனால் செக்ரோலில் பெயர் விழுந்தது. இன்றைக்கு வேலைக்கு வந்தாள், இவ்வளவு பால் எடுத்தாள், இவ்வளவு கூலி. கிராணி ஏமாற்றினால்கூட, ஏமாற்றினான் என்று சண்டை போட ஒரு புத்தகம் இருந்தது. அடுத்த தலைமுறைப் பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறிப் பத்து பகாட்டின் துணி ஆலைகளுக்கும் தையல் ஆலைகளுக்கும் போனார்கள். அங்கேயும் அட்டை குத்தினார்கள், ஓட்டி கணக்குப் பார்த்தார்கள். மூன்றாவது தலைமுறை நாங்கள். வீட்டு முன்னறையில் வட்ட விளக்கின் கீழ் உட்கார்ந்து 'தொழில்முனைவோர்' என்று அழைக்கப்படுகிறோம். எங்கள் மணி நேரம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எண்ணப்படுவது இதயக்குறிகள் மட்டும். செக்ரோலிலிருந்து இதயக்குறிக்கு வந்ததற்குப் பெயர் முன்னேற்றமா?

"அதுக்குத்தான் ரசிகர்களை உருவாக்கணும், அவங்க விலை பார்க்க மாட்டாங்க" என்பது அடுத்த பதில். ரசிகர்கள் யார் என்று கொஞ்சம் பார்ப்போம். வாடிக்கையாளர் என்னிடம் ஒரு பொருளை வாங்குகிறார். அளவு சரியாக இருக்க வேண்டும், நூல் பிரியக்கூடாது, சொன்ன தேதிக்குக் கிடைக்க வேண்டும். அதோடு எங்கள் உறவு நேர்மையாக முடிகிறது. ரசிகர் வாங்குவது என்னை. இன்று ஏன் சோர்வாக இருக்கிறேன், ஏன் நேற்று வரவில்லை, பொட்டு ஏன் வைக்கவில்லை, உடம்பு ஏன் பெருத்துவிட்டது, கணவர் ஏன் திரையில் வருவதில்லை என்று எல்லாவற்றிலும் அவருக்கு உரிமை உண்டு. பதில் சொல்லாவிட்டால் 'அக்காவுக்குத் தலைக்கனம் வந்துடுச்சு லா'. மெய்நிகர் ரோஜாப்பூ ஒன்றைத் தட்டிவிட்டு, அதிலும் ஒரு பங்கு தளத்துக்குப் போன பிறகு மீதி எனக்கு வருகிற சில்லறைக்கு, அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோபம். இதே ரசிகரிடம் ரவிக்கை விலை சொன்னால், "நாங்க எல்லாம் உங்க ஃபேன், எங்களுக்கே இந்த விலையா?" என்கிறார். அன்பு விலையை உயர்த்தும் என்பது பட்டறைக்காரர்களின் கணக்கு. அன்பைக் காட்டித் தள்ளுபடி கேட்பார்கள் என்பது நம் ஜனங்களிடம் மொய் எழுதியும் கடன் கொடுத்தும் பழகிய எவருக்கும் தெரியும்.

இந்த வியாபாரத்தின் தலைநகரம் சீனா. தாவ்பாவ் தளம் 2016-இலேயே நேரலை விற்பனையைத் தொடங்கிவிட்டது. அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2023 செப்டம்பரில், உதட்டுச்சாய விற்பனையில் புகழ்பெற்ற லி ஜியாச்சியின் நேரலையில், 79 யுவான் புருவப் பென்சில் விலை அதிகம் என்று ஒருவர் எழுதினார். இத்தனை வருடத்தில் உன் சம்பளம் உயர்ந்ததா, நீ ஒழுங்காக உழைத்தாயா என்று பார் என்கிற தொனியில் அவர் திருப்பிக் கேட்டார். அவரை உருவாக்கிய ரசிகர்களே பொங்கி எழுந்தார்கள். அழுது மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2021 டிசம்பரில், இன்னொரு நட்சத்திர விற்பனையாளரான வெய்யாவுக்கு வரி ஏய்ப்புக்காக விதிக்கப்பட்ட தொகை 134 கோடி யுவான். அந்தத் தொழிலில் பணம் எங்கே தேங்கி நிற்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பேசுகிற வாய்க்கு அருகில் தேங்குகிறது. செய்கிற கைக்கு இறங்கி வருவதில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. நான் இதை எழுதுவதே அதற்காகத்தான். நேரலைக்கு ஒரு பசி உண்டு. வாரத்துக்கு மூன்று இரவாவது வர வேண்டும், ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது காட்ட வேண்டும், கேட்டால் உடனே கொடுக்கக் கையிருப்பு வேண்டும். கைவேலைக்கு வேறொரு வேகம். ஒரு ரவிக்கைக்கு ஒரு வாரம். ஒரு கோர்வைச் சேலைக்குப் பத்து நாளிலிருந்து ஒரு மாதம்கூட ஆகும். இந்த இரண்டு வேகமும் ஒரே உடம்பில் ஒத்துப்போகாது. ஆகவே நேரலையில் தோற்கிறவள் கைவேலைக்காரியாகவே இருந்து ஏழையாகிறாள். ஜெயிக்கிறவள் கைவேலையை விட்டுவிடுகிறாள். அவளுக்கு வேறு வழியே இல்லை. ஆர்டர் குவியும்போது பெட்டியில் வரவழைப்பாள். எம்பிராய்டரி மெஷினில் போட்ட பூ, சூரத் விசைத்தறியில் ஓடிய செயற்கை இழைச் சேலை, சென்னையிலோ வேறெங்கோ ஒரு மாடி அறையில் வடநாட்டுக் கைவினைஞர்கள் பீஸ் கணக்கில் குனிந்து செய்த வேலை. திரையில் அவள் நான்கு தையல் போட்டுக் காட்டுவாள். அனுப்புவது பெட்டியிலிருந்து. செய்முறை ஓரிடம், சரக்கு வேறிடம். திரையில் தெரியும் கை, பெட்டியில் இருக்கும் பொருளுக்கு உத்தரவாதமாகிவிடுகிறது.

நான் அவளை மட்டும் திட்டவில்லை. அவள் பிள்ளையும் சாப்பிட வேண்டும். ஆனால் 'கையால் செய்தது' என்ற சொல்லின் நம்பகத்தன்மை அவளுடைய தனிச்சொத்து இல்லையே. அது எங்கள் எல்லாருக்கும் பொதுக் கிணறு. இந்தியாவில் குறிப்பிட்ட சில துணி வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்க 1985-இல் சட்டமே போட்டார்கள். 2006-இல் கைத்தறி முத்திரை கொண்டுவந்தார்கள். சட்டமும் முத்திரையும் இருக்கும் இடத்திலேயே விசைத்தறிச் சேலை கைத்தறியாக நடமாடுகிறது என்றால், எதுவுமே இல்லாத நேரலையில் என்ன நடக்காது? பார்க்கிறவர் கையில் தொட்டுப் பார்க்க முடியாது, உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. ஆரி வேலையின் உண்மை உள்பக்கத்தில்தான் இருக்கிறது. நேரலையில் யாரும் உள்பக்கத்தைக் காட்டி நான் பார்த்ததில்லை.

சரி, ரசிகர் கூட்டமாவது நமக்குச் சொந்தமா? 2020 ஜூன் 29-ஆம் தேதி இந்தியா டிக்டாக்கைத் தடை செய்தது. அதற்கான அரசியல் காரணங்கள் ஒருபுறம் இருக்கட்டும். அதில் முகம் காட்டிப் பழகிய தமிழ்நாட்டுக் கைவினைஞர்கள் மறுநாள் காலையில் எழுந்தபோது சேர்த்த கூட்டம் இல்லை. கூப்பிட்டு விசாரிக்க ஒரு தொலைபேசி எண்கூட மிஞ்சவில்லை. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி முகநூல் தன் நேரலைக் கடை வசதியை மூடியது. அதை நம்பியிருந்தவர்கள் அடுத்த தளத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். தோட்டம் கைமாறும்போது லயத்தைக் காலி செய்துவிட்டுப் போன ஜனங்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்த அனுபவம் புதிதாக இருக்கக்கூடாது. நாம் வீடு கட்டிக்கொண்டிருப்பது அடுத்தவன் நிலத்தில்.

எதிர்வாதம் ஒன்று நியாயமானது. "காட்டாவிட்டால் மக்களுக்கு எப்படித் தெரியும்? பார்த்தால்தானே மதிப்பு புரியும்?" காட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைக் காட்டுகிறோம், எதற்காகக் காட்டுகிறோம் என்று கேட்கிறேன். கற்றுக்கொடுப்பதற்காகக் காட்டுவது வேறு. அதற்குக் கட்டணம் வாங்கலாம், மாணவி கேள்வி கேட்பாள், கீழ்க்கையைத் தொட்டுத் திருத்தலாம். அது குரு சிஷ்ய வேலை. வாங்குகிறவருக்காகக் காட்டுவது என்றால் விலையின் நியாயத்தைக் காட்ட வேண்டும். ஒரு காலத்தில் கோ-ஆப்டெக்ஸ், சேலையோடு அதை நெய்தவரின் படமும் பெயரும் உள்ள அட்டை ஒன்றை வைத்து விற்றது. எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு அது. நெய்தவர் கடையில் உட்கார்ந்து சிரிக்க வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை. அவர் தறியில் இருப்பார், அவர் பெயர் சேலையோடு போகும். நான் அதில் இன்னும் இரண்டு வரி சேர்க்கச் சொல்வேன். இத்தனை நாள் ஆனது. இவ்வளவு கூலி போனது.

இதை நாங்கள் இங்கே செய்ய முடியும். யாரும் மானியம் தர வேண்டியதில்லை. நான் ரவிக்கையோடு ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன். வேலை செய்தவர் பெயர், ஆன மணி நேரம், பொருள் செலவு, மணிக்கூலி. கூட ஒரு பெண் மணி கோத்தால் அவள் பெயரும் உண்டு. சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து அடுத்த மகளின் கல்யாணத்துக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எண்ணிக்கை குறைவுதான். என் இரண்டு கைக்கு எத்தனை பேர் வேண்டும்? மாதத்துக்கு நாலு ரவிக்கை என்றால் வருடத்துக்கு நாற்பத்தெட்டு. ஐம்பது பேர் ஒழுங்காக விலை கொடுத்தால் என் பிழைப்பு நடக்கும். ஐம்பதாயிரம் பேர் இதயக்குறி போட்டால் நடக்காது. கைவேலையின் சந்தை அளவு கையின் அளவுதான். அதைப் பெரிதாக்கச் சொல்கிறவர்கள் கையை விட்டுவிடச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கேமராக் கோணம், வெளிச்சம், தலைப்பு வைக்கும் வித்தை எல்லாம் சொல்லித்தருகிறீர்கள். ஒரு மணி நேரமாவது விலை போடச் சொல்லித்தாருங்கள். தன் நேரத்துக்குக் கூலி எழுதத் தெரியாதவளை நேரலைக்கு அனுப்புவது, அளவு எடுக்கத் தெரியாதவளிடம் கத்தரிக்கோலைக் கொடுப்பது மாதிரி. வீட்டிலிருந்து வேலை செய்கிறவரும் தொழிலாளிதான், மற்றத் தொழிலாளிக்குச் சமமாக நடத்தப்பட வேண்டியவர்தான் என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே வீட்டுவேலை உடன்படிக்கை ஒன்றைப் போட்டது. மலேசியா அதில் கையெழுத்திடவில்லை, இந்தியாவும் இல்லை. உங்கள் சான்றிதழ் வழங்கும் விழாவில் வந்து உட்காரும் பெரிய மனிதர்களிடம் இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாமே. அதற்கு ரசிகர் பலம் தேவையில்லை, கொஞ்சம் வாய் போதும்.

வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. தீபாவளி நெருங்கும்போது நேரலைகள் இரவு பன்னிரண்டைத் தாண்டும். 'லாஸ்ட் பீஸ், லாஸ்ட் பீஸ்' என்று குரல் கட்டிப்போய்க் கத்துவார்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையால் செய்தது என்று ஒருவர் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் செய்தது? எத்தனை நாள் ஆனது? அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? கூடவே உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பதில் வந்தால் சொன்ன விலையைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். பதிலுக்குப் பதிலாக ஒரு சிரிப்பும் 'லைக் போடுங்க மை டியர்ஸ்' என்ற கெஞ்சலும் வந்தால் அடுத்த நேரலைக்குத் தள்ளிவிடுங்கள். ரோஜாப்பூவையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கூலி போதும்.